சந்தேகத்தின் பலன் யாருக்கு?

நியாயஸ்தலத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மனிதன் விஷயத்தில் சந்தேகம் ஏற்படுமாயின், அந்தச் சந்தேகத்தின் பலனை அவனுக்கே அளிக்க வேண்டுமென்பது நாகரிக தேசங்கள் யாவும் ஒப்புக்கொண்ட தர்மம். நிரபராதி ஒருவன் தண்டனை அடைவதைவிடக் குற்றவாளிகள் சிலர் தப்பிப் போவது மேல் என்பது இதன் உட்கருத்து. மனிதனுடைய சுதந்திரத்தைக் காப்பதற்காக ஏற்பட்ட இந்த உயர்ந்த விதியை, பாட்டிலில் அடைத்து விற்கப்படும் ரஸாயனச் சரக்குக்கும் அளித்தால் என்ன நேரும்? சரக்குக்கு உயிரில்லை, அதைச் சிறையில் அடைத்தால் அழுவதற்கு மனைவி மக்கள் இல்லை. ஆனால் அதைக் குடிப்பவனுக்கு உயிர் உண்டு. இருதயமும் நரம்பும் உண்டு. சரக்கு தப்பித்தால் தண்டனை அடைகிறவன் குடிப்பவன்தான்.

இது வெறும் வாதத்துக்காகச் சொல்லும் பேச்சல்ல. உலகத்திலேயே செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் தலைசிறந்ததென்று கருதப்படும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானங்களிலும் சிறுவர்கள் குடிக்கும் கலர்களிலும் கலந்திருந்த ஒரு வஸ்துவுக்குச் சந்தேகத்தின் பலன் 54 வருஷ காலம் அளிக்கப்பட்டு வந்தது. அந்த வழக்கின் வரலாற்றை நம் நாட்டுப் பொதுஜன ஊழியர்கள் நன்றாக அறிந்துகொள்ள வேண்டுமென்பது நமது விருப்பம். ஏனெனில் அதே கேள்வி இன்று நமது வாசற்படியிலும் வந்து நிற்கிறது.

மிதக்கும் எண்ணெய்

எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய பழங்களின் வாசனை அவற்றின் தோலில் இருக்கும் எண்ணெயில் அடங்கியிருக்கிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ரஸத்தின் மேல் தாளித்த எண்ணெய் மிதப்பதை நாம் தினந்தோறும் காண்கிறோம். அதுபோலவே பாட்டிலில் அடைத்த பானத்திலும் வாசனை எண்ணெய் மேலே வந்து கழுத்தில் வளையமாய்ப் படிந்துவிடும். வாரக்கணக்காகக் கடையில் வைத்து விற்க வேண்டிய கம்பெனிக்காரர்களுக்கு இது பெரிய சங்கடம். இதற்கு அவர்கள் கண்ட உபாயம் யாதெனில், சோயா எண்ணெய் போன்ற தாவர எண்ணெயில் புரோமின் என்னும் கனமான மூலப்பொருளை ஏற்றி, அதைத் தண்ணீரைவிட கனமாக்கி, வாசனை எண்ணெயுடன் கலந்துவிடுவது. லேசான எண்ணெயும் கனமான எண்ணெயும் சேர்ந்து தண்ணீரின் கனத்துக்குச் சமமாகிவிடும். பிறகு அது மேலேயும் எழும்பாது, கீழேயும் இறங்காது. பானம் பழரஸம் போலக் கலங்கலாய், பார்வைக்கு அழகாய் இருக்கும்.

புரோமின் ஏற்றிய இந்த எண்ணெயால் குடிப்பவனுக்கு ஏதேனும் நன்மை உண்டா? ஒன்றும் இல்லை. பசி தீர்வதில்லை, தாகம் தணிவதில்லை, கெட்டுப் போவதைத் தடுக்கும் குணமும் அதற்கு இல்லை. கண்ணுக்கு அழகும் கடைக்காரனுக்குச் சௌகரியமுமே அதன் பிரயோஜனம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஒரு மருந்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால், அதனால் பிழைக்கும் நோயாளிகளையும் தராசின் மறு தட்டில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே மறு தட்டில் வைப்பதற்கு வியாபார லாபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

54 வருஷ 'இடைக்காலம்'

உணவில் சேர்க்கும் ரஸாயனங்களைக் கட்டுப்படுத்துவதற்காக அமெரிக்கர்கள் 1958-ம் வருஷத்தில் ஒரு சட்டத் திருத்தம் செய்தார்கள். புதிய வஸ்து எதையும் உணவில் சேர்க்குமுன் அது தீங்கற்றதென்று காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல விதிதான். ஆனால் நல்ல கோட்டைக்கும் ஒரு திட்டிவாசல் உண்டு. 'பொதுவாகத் தீங்கற்றதென்று நிபுணர்களால் அங்கீகரிக்கப்பட்டவை' என்று ஒரு வகுப்பை ஏற்படுத்தி, அவ்வகுப்பைச் சேர்ந்த வஸ்துக்களுக்கு முன் பரீக்ஷை வேண்டியதில்லை என்று விலக்களித்தார்கள். உப்பும் மிளகும் போன்ற பழைய பொருள்களுக்காகத் திறந்த அந்தத் திட்டிவாசல் வழியாகவே புரோமின் எண்ணெயும் உள்ளே நுழைந்தது. பிற்காலத்தில் அந்த வாசல் இன்னும் அகன்றது. கம்பெனியார் தாங்களே நியமித்த நிபுணர்களின் அபிப்பிராயத்தைக் கொண்டு, சர்க்காருக்குத் தெரிவிக்காமலேயே ஒரு வஸ்துவைத் தீங்கற்றதென்று தீர்மானித்துக்கொள்ளவும் அங்கே இடம் உண்டாயிற்று. வாதியும் சாக்ஷியும் நீதிபதியும் ஒருவரேயான கோர்ட்டை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

1960-க்குப் பிற்பட்ட வருஷங்களில் எலிகளைக் கொண்டு செய்த பரீக்ஷைகளில், இந்த எண்ணெயை அதிகமாக உண்ட எலிகளின் இருதயத்தில் பழுது காணப்பட்டது. உடனே பிரிட்டிஷ் சர்க்கார் 1970-ல் இதை உணவிலிருந்து விலக்கிவிட்டார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தாரும் அதே வருஷத்தில் தீங்கற்றவற்றின் பட்டியலிலிருந்து இதை நீக்கினார்கள். இவ்வளவும் சரியே. ஆனால் நீக்கியவர்கள் தடுக்கவில்லை. வாசனைத் திரவிய வியாபாரிகளின் சங்கத்தார் மனுச் செய்துகொண்டதன் பேரில், மேற்கொண்டு ஆராய்ச்சி முடியும் வரையில் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேற்படாமல் பழவாசனைப் பானங்களில் சேர்க்கலாமென்று 'இடைக்கால' அனுமதி அளித்தார்கள்.

இடைக்காலம் என்றால் எவ்வளவு காலம்? கோர்ட்டுகளில் இடைக்கால உத்தரவு வாங்கிக்கொண்டு மூல வழக்கை விசாரணைக்கே வரவிடாமல் அடிக்கும் கட்சிக்காரர்களை நாம் அறிவோம். அவர்களில் கைதேர்ந்தவர்களும் இந்தச் சரக்கின் சாமர்த்தியத்தைக் கண்டு நாணவேண்டும். 1970-ல் கொடுத்த இடைக்கால அனுமதி ரத்தானது 2024-ல். அந்த உத்தரவு வெளியான போது குழந்தையாய் இருந்தவர்கள், அது ரத்தாகும்போது பேரன் பேத்திகளுக்கு அதே பானத்தை வாங்கிக் கொடுக்கும் வயதை அடைந்துவிட்டார்கள்.

இந்த நெடுங்காலத்தில் சாக்ஷியம் இல்லாமற் போகவில்லை. புரோமின் உடம்பின் கொழுப்பில் தங்கிச் சேருவதாகத் தெரிந்திருந்தது. புரோமைடு உப்புக்களைத் தூக்க மருந்தாக வைத்தியர்கள் வழங்கிய காலத்தில், அவற்றை மிதமிஞ்சி உண்டவர்களுக்கு ஞாபக மறதியும் நடைத் தள்ளாட்டமும் புத்தித் தடுமாற்றமும் உண்டானதை வைத்திய உலகம் கண்டதுதான். 1997-ல் வெளியான ஒரு வைத்தியப் பத்திரிகையில், நாள்தோறும் 2 முதல் 4 லிட்டர் வரை இந்த எண்ணெய் கலந்த கோலாவைக் குடித்து வந்த ஒருவருக்கு இதே குறிகள் தோன்றியதும், அவர் ரத்தத்தில் புரோமின் ஏறியிருந்ததும் பதிவாகியிருக்கின்றன. அவ்வளவு குடிப்பவர்கள் அபூர்வம் என்பது உண்மை. என்றாலும், அபூர்வமாய் ஒருவரை அடித்த பாம்பையும் வீட்டில் வைத்து வளர்ப்பாரில்லை.

கடைசியாக, உணவு மருந்து நிர்வாகத்தார் தேசீய சுகாதார ஆராய்ச்சி ஸ்தாபனங்களுடன் சேர்ந்து எலிகளை வைத்து நடத்திய பரீக்ஷையின் முடிவு 2022-ல் வெளியாயிற்று. திசுக்களில் புரோமின் சேர்வதும், தைராய்டு என்னும் கழுத்துச் சுரப்பி கெடுவதும் அதில் காணப்பட்டன. 2023-ம் வருஷம் அக்டோபரில் கலிபோர்னியா ராஜ்யம் இதையும் வேறு மூன்று வஸ்துக்களையும் 2027 முதல் உணவில் விலக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கடுத்த மாதத்தில் மத்திய நிர்வாகத்தார் தங்கள் தடை யோசனையை வெளியிட்டார்கள். 2024 ஜூலையில் உத்தரவு பிறந்து ஆகஸ்டு 2-ல் அமலுக்கு வந்தது. கையிருப்பைத் தீர்க்கவும் முறையை மாற்றவும் கம்பெனிகளுக்கு அதன் பிறகும் ஒரு வருஷ தவணை கிடைத்தது.

ஒரே கம்பெனி, இரண்டு நியாயம்

சர்க்கார் தூங்கினாலும் ஜனங்கள் விழித்தால் காரியம் நடக்கும் என்பதற்கு இந்த வரலாற்றிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1965-ல் பிளாரிடா சர்வகலாசாலையின் கால்பந்து வீரர்களுக்காக டாக்டர் ராபர்ட் கேட் என்பவரும் அவருடைய சகாக்களும் தயாரித்த கேட்டரேட் என்னும் பானம், விளையாட்டுப் பானங்கள் அனைத்துக்கும் மூலபுருஷன். வெயிலில் வியர்வையாய்ப் போன நீரையும் உப்பையும் மீட்டுத் தருவதே அதன் நோக்கம். பிற்காலத்தில் பெப்ஸி கம்பெனியார் கைக்கு வந்த அந்தப் பானத்தின் சில வகைகளிலும் புரோமின் எண்ணெய் இடம் பெற்றிருந்தது. 2012-ல் மிஸிஸிப்பி ராஜ்யத்துப் பள்ளிப் பெண் ஒருத்தி லேபிளைப் படித்து, இது என்ன வஸ்து என்று விசாரித்து, அதை நீக்க வேண்டுமென்று ஒரு விண்ணப்பம் எழுதினாள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டார்கள். 2013 ஜனவரியில் கம்பெனியார் கேட்டரேட்டிலிருந்து அதை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். விண்ணப்பத்துக்கு முன்பே தாங்கள் யோசித்து வந்த காரியமென்றும் சொல்லிக்கொண்டார்கள். 2014-ல் கோக்ககோலா கம்பெனியாரும் பவரேட் முதலான தங்கள் பானங்களிலிருந்து அதை விலக்க முன்வந்தார்கள். சட்டம் அசைவதற்குப் பத்து வருஷம் முன்பே ஒரு சிறு பெண்ணின் பேனா அசைந்தது.

அந்தப் பெண் எழுப்பிய வாதங்களில் ஒன்று எந்த தேசத்தாரும் கவனிக்கத் தக்கது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இந்த எண்ணெய்க்கு இடமில்லை. ஆகவே அந்நாடுகளில் இதே கம்பெனியார் இதே போன்ற பானங்களை இந்த எண்ணெய் இல்லாமலே தயாரித்து விற்று வந்தார்கள். வேறு பொருள்களால் அதே காரியத்தைச் செய்துகொள்ள அவர்களுக்குத் தெரியும், செய்தும் காட்டினார்கள். அப்படியிருக்க, சட்டம் தடுத்த நாட்டில் ஒரு சரக்கு, தடுக்காத நாட்டில் வேறொரு சரக்கு என்பது எந்த நியாயம்? வியாபாரத்தின் மனச்சாக்ஷி சட்டப் புஸ்தகத்தின் கடைசி வரியோடு முடிந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாக்ஷியம் வேண்டுவதில்லை. ஆகவே சட்டத்தை எழுதுகிறவர்களும், அதை எழுதும்படி அவர்களைத் தூண்டுகிற பொதுஜனங்களும் அயர்ந்திருக்க முடியாது.

அமெரிக்கா அனுமதித்தது என்னும் அத்தாட்சி

இனி நம் தேசத்தின் விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்தப் புரோமின் எண்ணெய் 1990-ம் வருஷத்திலேயே பானங்களில் சேர்க்கலாகாதென்று தடுக்கப்பட்டது. அதாவது, அமெரிக்கா கண் திறப்பதற்கு 34 வருஷம் முன்பே இந்தியா இந்தக் காரியத்தைச் செய்துவிட்டது. மேல்நாட்டில் அனுமதித்த வஸ்துவை நாம் ஆக்ஷேபித்தால் பத்தாம்பசலிகளென்று நம்மைப் பரிகசிக்கும் கூட்டம் ஒன்று நம்மிடையே எப்பொழுதும் உண்டு. 'அமெரிக்காவிலேயே விற்கிறார்கள்' என்பது அவர்களுடைய பிரம்மாஸ்திரம். அந்த அஸ்திரம் 2024-ல் முறிந்து விழுந்தது. பிறர் அனுமதித்தார்கள் என்பது ஒரு பொருள் தீங்கற்றதென்பதற்கு அத்தாட்சியல்ல. அவர்கள் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை என்பதற்கே அத்தாட்சியாக இருக்கலாம். சுயராஜ்யம் என்பது கொடி மாற்றம் மட்டுமல்ல. தன் குழந்தைகள் எதைக் குடிப்பது என்பதைத் தன் புத்தியால் தீர்மானிக்கும் உரிமையும் பொறுப்பும் அதில் அடங்கும்.

ஆனால் இதைக் கேட்டு நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. எரித்ரோஸின் என்னும் சிவப்புச் சாயத்தின் கதையைப் பாருங்கள். எலிகளுக்குப் பெரிய அளவில் கொடுத்தபோது தைராய்டில் புற்று உண்டாக்கியதால், 1990-ல் அமெரிக்கர்கள் அதை முகப்பூச்சுக்களிலும் உதட்டுச் சாயத்திலும் விலக்கினார்கள், உணவில் விலக்கவில்லை. உதட்டில் பூச உதவாதது, உதட்டைக் கடந்து வயிற்றுக்குள் போக 35 வருஷம் உதவிற்று. 2025 ஜனவரியில்தான் உணவிலும் அதன் அனுமதியை ரத்துச் செய்தார்கள். எலியில் கண்ட வழியில் மனிதனுக்குப் புற்று உண்டாவதில்லையென்று அப்பொழுதும் அந்நிர்வாகத்தார் சொன்னார்கள். ஆனால் சட்டம் அந்த வேற்றுமையை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தச் சாயம் நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கும் செயற்கைச் சாயங்களின் பட்டியலில் இடம் பெற்றது. அமெரிக்கா தடுத்ததற்காக நாம் தடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அது மீண்டும் அடிமைப் புத்தியே ஆகும். நாமே விசாரித்துத் தீர்மானிக்க வேண்டுமென்றுதான் சொல்லுகிறோம்.

சக்தியா, சாட்டையா?

இன்று நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் வாலிபர்களும், மீசை அரும்பாத சிறுவர்களும் 'எனர்ஜி டிரிங்க்' என்ற பெயரால் வாங்கிக் குடிக்கும் பானங்களில் சக்தி எங்கிருந்து வருகிறது? சர்க்கரையிலிருந்தும் காஃபீனிலிருந்தும் வருகிறது. சர்க்கரையாவது கொஞ்ச நேரத்துக்கு உடம்புக்கு விறகாகும். காஃபீன் விறகல்ல, சாட்டை. களைத்த குதிரையைச் சாட்டையால் அடித்தால் அது இன்னும் சிறிது தூரம் ஓடும். அதற்காகச் சாட்டையைக் கொள்ளென்று யாரும் சொல்லார். இருதயத் துடிப்பு மிகுதல், தூக்கம் கெடுதல், கை நடுக்கம், மனப் பதைப்பு ஆகியவை காஃபீன் மிகுந்தால் உண்டாகும் தீங்குகள்.

நமது உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையத்தார் வகுத்த விதிப்படி இவ்வகைப் பானங்களில் லிட்டருக்கு 145 மில்லிகிராம் முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். உச்ச அளவுப்படி 250 மில்லி அளவுள்ள ஒரு டப்பாவில் 75 மில்லிகிராம் ஆகிறது. குழந்தைகளுக்கு உடலின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 3 மில்லிகிராமுக்கு உட்பட்ட அளவு கவலைக்கு இடமில்லாதது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனத்தார் 2015-ல் கூறிய மதிப்பு. 25 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரே டப்பாவில் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. இரண்டாவது டப்பாவுக்கு எல்லையே இல்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தார் 2011-லேயே, குழந்தைகளின் ஆகாரத்தில் இந்தப் பானங்களுக்கு இடமே இல்லையென்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

'காப்பியில் இல்லாத காஃபீனா? கும்பகோணம் டிகிரி காப்பியைப் போற்றும் தமிழர்கள் இதற்கு மட்டும் அஞ்சுவானேன்?' என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி. காப்பியைச் சூடாக ஆற்றி ஆற்றி வாய்வாயாகக் குடிக்கிறோம்; இதையோ குளிரக் குளிர, தித்திக்கத் தித்திக்க, ஒரே மூச்சில் விழுங்கலாம். காப்பியின் கசப்பே சிறு பிள்ளைகளை எட்ட நிறுத்துகிறது. இதன் இனிப்போ அவர்களைக் கிட்ட அழைக்கிறது. அனைத்துக்கும் மேலாக, காப்பியைக் குடித்தால் பந்தயத்தில் ஜெயிக்கலாம், வீரனாகலாம் என்று எந்தக் காப்பிக் கடைக்காரனும் பிள்ளைகளிடம் விளம்பரம் செய்வதில்லை.

குழந்தைகளுக்கும் கர்ப்பஸ்திரீகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஏற்றதல்ல என்றும், நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் கூடாதென்றும் லேபிளில் அச்சிட வேண்டுமென்பது நம் விதி. விதி பேசுவது லேபிளோடுதான். கடைக்காரன் கையோடு அல்ல. படிக்கத் தெரிந்தவனும் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய பொடி எழுத்து, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பத்து வயதுப் பையனை எப்படித் தடுக்கும்? லிதுவேனியா 2014-லும், லாட்வியா 2016-லும், போலந்து 2024-லும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இவற்றை விற்கலாகாதென்று சட்டம் செய்துவிட்டன. நம்மைவிட மிகச் சிறிய தேசங்களுக்கு உள்ள துணிவு நமக்கு ஏன் இருக்கக்கூடாது?

மருந்தின் பெயரில் சர்க்கரை

வஸ்துவுக்கு மட்டுமல்ல, பெயருக்கும் நம் நாட்டில் சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டதுண்டு. 1971-ல் வங்காள தேச அகதிகள் லட்சக்கணக்கில் நம் எல்லைக்குள் வந்தபோது, பன்காவ் முகாமில் காலரா தாண்டவமாடிற்று. ஊசி வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நெருக்கடியில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுகோஸையும் கணக்காய்க் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைப்பித்தார். 'ஓ.ஆர்.எஸ்.' என்று உலகம் முழுவதும் வழங்கும் மருந்தின் மகிமையை நிலைநாட்டியவர்களில் அந்த இந்திய வைத்தியர் முதன்மையானவர். உலக சுகாதார ஸ்தாபனத்தார் வகுத்த அளவுப்படி அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸ்தான் உண்டு. சர்க்கரை அதற்கு மேல் ஏறினால் வயிற்றுப்போக்கு நிற்பதற்குப் பதில் மிகுந்து, குழந்தையின் உடம்பு இன்னும் வறண்டுபோகும்.

இந்த மூன்று எழுத்துக்களைத் தங்கள் பெயரில் சேர்த்துக்கொண்டு, பன்மடங்கு சர்க்கரையும் வாசனையும் உள்ள பானங்களைச் சில கம்பெனிகள் மருந்துக் கடைகளிலேயே விற்று வந்தன. பேதியால் துவண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பெயரை நம்பி அதை வாங்கிப் புகட்டிய தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். ஹைதராபாத் குழந்தை வைத்தியர் டாக்டர் சிவரஞ்சனி ஸந்தோஷ் இந்த அக்கிரமத்தை எதிர்த்து எட்டு வருஷ காலம் தனித்து நின்று போராடினார். 2022 ஏப்ரலில் ஆணையத்தார் அப்பெயரைத் தடுத்தார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்து அதே வருஷம் ஜூலையில், 'இது உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்யும் ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று ஒரு வரி அச்சிட்டுக்கொண்டு அப்பெயரையே பயன்படுத்தலாமென்று விட்டுக்கொடுத்தார்கள். முகப்பில் கொட்டை எழுத்தில் ஒரு பொய்; மூலையில் பொடி எழுத்தில் அதற்கு மறுப்பு! கடைசியில் 2025 அக்டோபர் 14-ல் அந்தச் சலுகைகள் யாவும் ரத்தாயின.

தடைக்கும் இறுதித் தடைக்கும் நடுவில் கழிந்த மூன்றரை வருஷத்தில் எத்தனை குழந்தைகளுக்கு அது புகட்டப்பட்டது என்பதை யார் கணக்கெடுப்பார்? அமெரிக்காவின் 54 வருஷத்தோடு பார்க்கையில் நம்முடையது சொற்ப காலம்தான். ஆயினும் நோய் ஒன்றே: சந்தேகத்தின் பலன் விற்பவனுக்கு.

நம் சட்டம் சொல்வது என்ன?

இவ்விதம் நேர்ந்ததற்கு நம் சட்டத்தைக் குறை கூற முடியாது. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு தர நிர்ணயச் சட்டத்தின் 18-வது பிரிவைப் புரட்டிப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு பொருளால் தீங்கு உண்டாகக்கூடுமென்று கண்டு, ஆனால் விஞ்ஞான ரீதியில் நிச்சயம் ஏற்படாத நிலையில், ஜனங்களின் சுகாதாரத்தைக் காப்பதற்குத் தற்காலிக நடவடிக்கைகளை எடுத்துக்கொள்ளலாமென்று அது தெளிவாய்ச் சொல்லுகிறது. வேற்றுமையைக் கவனியுங்கள். அமெரிக்கர்கள் சந்தேகத்தின் பேரில் தந்தது இடைக்கால அனுமதி. நம் சட்டம் சந்தேகத்தின் பேரில் தரச் சொல்வது இடைக்காலப் பாதுகாப்பு. அங்கே ஆராய்ச்சி முடியும் வரையில் குடிப்பவன் காத்திருந்தான். இங்கே விற்பவன் காத்திருக்கலாம். இதைவிட உயர்ந்த விதியை நாம் புதிதாய் எழுத வேண்டியதில்லை. எழுதியதை எடுத்து ஆள வேண்டும்.

2013-ல் குளிர்பானங்களைப் பற்றிய பொதுநல வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டாரும், தீங்கற்ற உணவும் பானமும் அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தவை என்று கூறி, சந்தையைக் கண்காணித்து வரும்படி ஆணையத்தாருக்கு உத்தரவிட்டார்கள். ஆக, சட்டமும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் வாக்கும் இருக்கிறது. இல்லாதது கேட்பாரின் குரல் ஒன்றே.

இத்தகைய தடைகளால் தொழில் நசியும், வாங்குபவனின் சுதந்திரம் போகும் என்று சொல்லுவார்கள். புரோமின் எண்ணெய் போன பின்பு எந்தக் கம்பெனி மூடப்பட்டது? ஒன்றும் இல்லை, பானம் முன்போலவே விற்கிறது. வாங்குபவனின் சுதந்திரமோ, தான் வாங்குவது இன்னதென்று அவன் அறிந்திருந்தால்தான் சுதந்திரம். அறியாமல் விழுங்குவதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை

மேடையில் பேசவும் தீர்மானம் நிறைவேற்றவும் அறிந்த நமது அன்பர்களுக்கு இதில் செய்வதற்கு வேலை நிறைய உண்டு. அதே 2006-ம் வருஷத்துச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, சாதாரண வாங்குபவன் எவனும் தான் வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரீக்ஷிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே அந்த எண்ணத்தைக் கடைக்காரனுக்குத் தெரிவித்துவிட வேண்டும். சரக்கு சட்டத்துக்கு மாறாயிருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்த உரிமையை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ஊர்தோறும் நான்கு பேர் கூடி, பள்ளிக்கூட வாசலில் விற்கும் பானங்களை வாங்கி, லேபிளைப் படித்து, ஐயமுள்ளதைப் பரீக்ஷைக்கு அனுப்பி, முடிவை ஊரறிய வெளியிட்டால், அது நூறு பிரசங்கங்களுக்குச் சமானம். சிறுவர்களுக்குக் காஃபீன் பானம் விற்பதைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமென்று சட்டசபை அங்கத்தினர்களிடம் கேளுங்கள். பள்ளி நிர்வாகிகளிடமும் விளையாட்டுச் சங்கத்தாரிடமும் சென்று, பந்தயத் திடலில் இந்தக் கம்பெனிகளின் விளம்பரப் பலகை ஏன் என்று வினவுங்கள்.

வெயிலில் ஓடியாடும் பிள்ளைக்கு வேண்டியது நீரும் சிறிது உப்புமே. நீர்மோரும் பானகமும் கஞ்சித் தண்ணீரும் அதற்குப் போதும். அவற்றுக்குக் கம்பெனி இல்லை. ஆகவே விளம்பரமும் இல்லை. அவற்றின் பெருமையை வீட்டுப் பெரியவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மிஸிஸிப்பியில் ஒரு பள்ளிப் பெண்ணும் ஹைதராபாத்தில் ஒரு பெண் வைத்தியரும் தனித்தனியே நின்று செய்த காரியத்தை, கட்சியும் கொடியும் கூட்டமும் உடைய நாம் செய்யக்கூடாதா? சந்தேகம் எழும்போது அதன் பலன் குடிக்கும் குழந்தைக்கே என்று சர்க்கார் தயங்காமல் சொல்லும் நாள் வரையில், இந்த வழக்கில் ஜனங்களின் வக்கீல்களாய் நிற்க வேண்டியது நமது கடமை.